இடப்பக்கத்துக் குளிர்

வீட்டில் அவளுக்குப் பெயர் கம்பளி. மாமியார் வைத்த பெயர் அது. கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில், போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அடுப்படியில் பால் காய்ச்சிய மருமகளைப் பார்த்துவிட்டு, மகனைக் கூப்பிட்டு, அந்தக் கம்பளியைக் கொஞ்சம் விலக்கிப் பாருடா, உள்ளே உன் பெண்டாட்டி இருக்கிறாளா என்று கேட்டாராம். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. கொழுந்தனுக்குக் கம்பளி அண்ணி, அவன் பிள்ளைகளுக்குக் கம்பளிப் பெரியம்மா, நாத்தனார் பிள்ளைகளுக்குக் கம்பளி அத்தை. மாமியார் போய்ச் சேர்ந்தார், பெயர் போகவில்லை.

பெயரில் அவளுக்கு வருத்தமொன்றும் கிடையாது. அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அதில் ஒரு கெடுதல் இருக்கிறது பாருங்கள். ஒருத்திக்கு அப்படி ஒரு பெயர் வந்துவிட்டால், அதற்குப் பிறகு அவள் குளிருகிறது என்று சொன்னால் யாரும் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அவளைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில். ஈரம் காயாத படுக்கை விரிப்புகளை ஒரு முனையில் பிடித்துக் கொடுத்தால், உருளை அவற்றை உள்ளே இழுத்து, மறுமுனையில் அப்பளம் போல மொடமொடவென்று தள்ளும். காலையிலிருந்து மாலை வரை ஆவி. புருவத்தில் வியர்வை சொட்டும். வேலை முடிந்து கதவைத் திறந்தால் தெருவில் பனி. கூட வேலை செய்கிறவர்கள், நாளெல்லாம் ஆவியில் வெந்துவிட்டு வெளியே வந்தால் குளிரத்தானே செய்யும் என்பார்கள். டாக்டரும் அதையேதான் சொன்னார். அப்படியாக அவள் குளிருக்குப் பெயர் ஒரு காரணம், ஆவி ஒரு காரணம். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று தேட யாருக்கும் தோன்றவில்லை.

அவள் புருஷன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். நல்ல மனுஷர். சம்பாதிப்பதைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார், அதிர்ந்து பேச மாட்டார், குழம்பில் உப்பு இல்லையென்றால் எழுந்துபோய்த் தானே போட்டுக்கொள்வார். அவரிடம் இரண்டே இரண்டு கோளாறு. ஒன்று, இடது காது மந்தம். அச்சு மெஷின் இத்தனை வருஷமாக அந்தக் காதுப் பக்கம் நின்றுதான் கத்திக்கொண்டிருந்தது. ஆனால் அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். உலகத்தில் எல்லோரும் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

இன்னொன்று, உச்சுக் கொட்டுவது. பேப்பரைப் பிரித்தால் உச். சிவப்பு விளக்கு விழுந்தால் உச். குழாய் சொட்டினால் உச், டீ சூடாக இருந்தால் உச், ஆறிப்போனாலும் உச். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு செய்வதில்லை. கொட்டாவி விடுகிற மாதிரி அவர் பாட்டுக்கு அது வரும். ஏன் உச்சுக் கொட்டினீர்கள் என்று கேட்டால், நானா, எப்போது என்று திருப்பிக் கேட்பார். கம்பளி அதைப் பொறுத்துக்கொண்டுதான் குடித்தனம் நடத்தினாள். ஆனால் மனுஷிதானே, சில உச்சு மனதில் தைத்துவிடும்.

ஒரு கார் வாங்கினார்கள். வேறு யாரோ ஓட்டிப் பழசாக்கிய வண்டி, சாம்பல் நிறம். ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பக்கத்துத் தட்டில் சூட்டைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு இருந்தது. வலப்பக்கம் ஓட்டுகிறவருக்கு, இடப்பக்கம் கூட உட்காருகிறவருக்கு. விற்றவர் அதைத்தான் பெரிதாகச் சொன்னார். "உங்க பக்கம் உங்களுக்கு, அம்மா பக்கம் அம்மாவுக்கு. சூட்டுக்காகப் புருஷன் பெண்டாட்டிக்குள்ள சண்டையே வராது சார்."

சண்டை வரவில்லைதான். வந்திருந்தால் தேவலை.

கார் வாங்கியது ஊர் சுற்ற இல்லை. அவளுக்கு ஓர் அக்கா. அம்மா போன பிறகு இவளுக்குத் தலை பின்னி, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய், கல்யாணம் வரை கொண்டுவந்து விட்ட அக்கா. வயது ஏறி, ஞாபகம் இறங்கி, இப்போது மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாள். பேருந்து அந்த இல்லத்துக்குப் போகாது. இறங்கி, காற்று அடிக்கிற ஏற்றத்தில் வெகுதூரம் நடக்க வேண்டும். அதனால்தான் கார். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் புறப்படுவார்கள். அவள் அக்காவுக்குத் தலை வாரி, நகம் வெட்டி, ஒரு வாரத்துக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வருவாள். அக்காவுக்குச் சில ஞாயிறு இவளைத் தெரியும், சில ஞாயிறு கொஞ்ச நேரம் கழித்துத் தெரியும். வாரா வாரம் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் மறக்காது என்பது கம்பளியின் நம்பிக்கை. டாக்டர்கள் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் குளிர்காலம் வண்டி கதகதப்பாகத்தான் இருந்தது. அடுத்ததில் தொடங்கியது வினை. மலை ஏறும்போதே அவள் முழங்காலில் சில்லென்று காற்று வந்து விழும். குளிருதுங்க என்பாள். அவர், எனக்கு வேர்க்கிறதே என்பார். நிஜமாகவே அவர் நெற்றியில் வேர்த்திருக்கும். சரி, நம் பக்கத்துத் திருகைத் திருப்புவோம் என்று அவள் கையை நீட்டித் திருப்பினால், உடனே வலப்பக்கத்திலிருந்து, காற்று இரைச்சலுக்கு நடுவில், உச், உச், உச்.

அவளுக்குச் சுருக்கென்றது. வாயால் ஒன்றும் சொல்லாமல் இப்படி நாக்கால் கொட்டுகிறாரே, நான் குளிரைக் காசு கொடுத்தா வாங்கிவந்தேன் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிறும் திருப்பினாள், அதே உச். ஒருமுறை வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். அவர் உதடு குவிந்திருந்தது. அவர் உதடு எப்போதுமே அப்படித்தான் இருக்கும். ஆனால் கோபத்தில் இருக்கிறவளுக்கு அது எங்கே ஞாபகம் வரும்?

அதற்குப் பிறகு அவள் திருகைத் தொடவில்லை. பிடித்தால் பிடித்த பிடிதான் அவளுக்கு. இரண்டு காலுறை, மேலே சால்வை, மடியில் சுடுதண்ணீர்ப் பை என்று ஏறி உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவரும் ஒன்றும் கேட்க மாட்டார். மலை ஏறி மலை இறங்குகிற வரை வண்டிக்குள் ஒரு பேச்சு இருக்காது.

போன குளிர்காலத்தின் கடைசியில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் படுக்கும்படி ஆயிற்று. டாக்டர் கண்டித்துச் சொல்லி அனுப்பினார், இனி நெஞ்சில் குளிர் ஏறக் கூடாது என்று. ஆகவே இந்த வருஷம் ஜன்னல் கண்ணாடியில் முதல் பனி பூத்த அன்றே அவர் முடிவு சொல்லிவிட்டார். வெயில் திரும்புகிற வரை மலைக்கு அந்தப் பக்கம் போவதில்லை. வேண்டுமானால் அவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

நீங்கள் போய் உட்கார்ந்தால் அக்காவுக்கு யாரென்று தெரியுமா என்று அவள் கேட்டாள்.

வண்டியைச் சரி செய்யுங்கள், வருகிறேன் என்றாள். அவரும் மறுக்காமல் வழக்கமாக விடுகிற பட்டறைக்குக் கொண்டுபோனார். என்ன சொல்லி விட்டார் தெரியுமா? ஹீட்டர் நன்றாகத்தான் வேலை செய்கிறது, வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் குளிர் தாங்காது, எதற்கும் ஒரு தடவை பாருங்கள் என்று. இப்படிச் சொன்னால் யார் பார்ப்பார்கள்? அவர்களும் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து சூட்டுக் காற்றில் கையைக் காட்டிவிட்டு, சூடு நன்றாக வருகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு தரமும் போய் அதே கதை.

இதற்கிடையில் ஒரு மாலை அவள் இல்லத்துக்குப் போன் போட்டாள். நர்ஸ் போனை அக்கா காதில் வைத்தாள். நான்தான்க்கா என்றாள் இவள். மரியாதையாக, "நீங்க யாரைப் பார்க்கணும்?" என்று அக்கா கேட்டாள்.

போனை வைத்துவிட்டுக் கம்பளி வெகுநேரம் கைகழுவும் தொட்டியின் முன்னால் நின்றாள். வெயில் திரும்புவதற்குள் அக்கா தன்னை முழுக்க மறந்துவிடுவாள் என்பது அவளுக்கு அப்போதே நிச்சயமாகிவிட்டது. மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் புருஷனிடம், வண்டியை வேறு பட்டறைக்கு விட வேண்டும், இந்தத் தடவை நானும் கூட வருவேன் என்றாள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு பெண் பட்டறை வைத்திருக்கிறாள் என்று சலவைக்கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் உச்சுக் கொட்டினார். அது நிஜமான உச்சுதான்.

பட்டறைக்காரி நடுவயதுக்காரி. தலையை இறுக்கக் கட்டி, விரல்நுனி வெட்டிய கையுறை போட்டு, யாரைப் பார்த்தாலும் அண்ணே, அண்ணி என்று உறவு கொண்டாடிவிடுகிற ரகம். அவர் வழக்கமான பாட்டைத் தொடங்கினார். ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு, இவளுக்குத்தான், வீட்டிலேயே கம்பளி என்றுதான் கூப்பிடுவோம்...

"அண்ணே, வண்டியைப் பத்திச் சொல்லுங்க. அண்ணியைப் பத்தி அண்ணி சொல்லட்டும்" என்றாள் பட்டறைக்காரி.

கம்பளிக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று.

முதலில் மூடியைத் திறந்து, இன்ஜினில் ஓடுகிற தண்ணீர் அளவாக இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. வண்டியை ஓடவிட்டு, இன்ஜின் காய்கிற வரை காத்திருந்து, வண்டிக்குள் போகிற குழாயையும் திரும்பி வருகிற குழாயையும் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் சுட்டது. அப்படியென்றால் சுடுதண்ணீர் ஒழுங்காக உள்ளே போய் ஒழுங்காக வெளியே வருகிறது, குற்றம் அதில் இல்லை என்று விளக்கினாள். அவர், நான்தான் சொன்னேனே என்கிற முகத்தோடு மனைவியைப் பார்த்தார்.

பட்டறைக்காரி இரண்டு திருகையும் முழுச் சூட்டில் வைத்தாள். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும், நான் ஓட்டுகிறேன், அண்ணன் பக்கத்தில் உட்காரட்டும், அண்ணி பின்னால் என்றாள். அவர் வலப்பக்கக் கதவைத் திறக்கப் போய், நின்று, சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார். அந்தக் கதவின் பிடி எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் அவர் கை தேடியது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் கம்பளிக்கு உறைத்தது.

பின்னாலிருந்து புருஷனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு போவது அவளுக்குப் புதுசு. முடி வெட்டிக்கொள்ள வேண்டும் இவர் என்று நினைத்தாள். கொஞ்ச தூரம் வரை அவர் பட்டறைக்காரிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். கிளட்சை மெதுவா விடும்மா, அந்தத் திருப்பத்துல பள்ளம் இருக்கு பாரும்மா. பிறகு பேச்சு குறைந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது சட்டைக் காலரைத் தூக்கிவிட்டார். காற்று வருகிற வாயை விரலால் மூடினார். மூடியதும் அந்தப் பக்கக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது, திரும்பத் திறந்தார். கைகளைச் சட்டைக் கைக்குள்ளே இழுத்துக்கொண்டார். முழங்கால் இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டினார். கடைசியில் கைகள் இரண்டும் தொடைக்கு நடுவில் போயின.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் எதை எதைச் செய்வாளோ அத்தனையும் அதே வரிசையில் அவரும் செய்தார். பார்க்கப் பார்க்கக் கம்பளிக்குக் குதூகலமாகத்தான் இருந்தது முதலில். பட்டால்தான் தெரியும், நன்றாகப் படட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கத்தில் பட்டறைக்காரி சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க ஓட்டினாள். இடப்பக்கத்தில் இவர் மூக்கை உறிஞ்சினார். அந்த உறிஞ்சலில் அவள் வைராக்கியம் போயிற்று. தன் சால்வையை எடுத்துப் பின்னாலிருந்தே அவர் தோளில் போட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை அவர். இரண்டு முனையையும் இழுத்து மார்பில் சேர்த்துக்கொண்டார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் இறங்கி, நேரே வாசல் கேட்டுக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றார். சால்வை தோளிலேயே இருந்தது.

பட்டறைக்காரி அதைக் கவனிக்காத மாதிரி, ஒரு நீளக் கம்பி வைத்த உஷ்ணமானியைக் காற்று வாய்களில் ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தாள். வலப்பக்கம் கொதித்தது. இடப்பக்கம் வெளியே அடிக்கிற காற்றுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. "அண்ணிக்குக் குளிருச்சுன்னா தப்பில்ல. இதுல ஐஸை வச்சாக்கூட உருகாது" என்றாள். அடுப்பு ஒன்றுதான், வாய் இரண்டு, ஒவ்வொரு வாய்க்கும் உள்ளே ஒரு சின்னக் கதவு, அந்தக் கதவு திரும்பினால்தான் சூடு இந்தப் பக்கம் வரும் என்று கையை மடக்கி விரித்துக் காட்டினாள். கதவு நிற்கிறது. ஆனால் குற்றம் திருகிலா, திருகு சொல்வதைக் கேட்டுக் கதவைத் தள்ளுகிற குட்டி மோட்டாரிலா என்பது தெரிய வேண்டும்.

அண்ணி, உங்க இடத்துல உட்காருங்க, மலை ஏறும்போது என்ன செய்வீங்களோ அதை அப்படியே செய்யுங்க என்றாள். தான் காற்று இரைச்சலைக் குறைத்துவிட்டு, ஓட்டுகிற இருக்கையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

கம்பளி தன் இடத்தில் உட்கார்ந்தாள். வெகுநாளாகத் தொடாத திருகைத் தொட்டு, ஒரு திருப்புத் திருப்பினாள்.

உச். உச். உச்.

அவள் சட்டென்று வலப்பக்கம் திரும்பினாள். பட்டறைக்காரிதான் இருந்தாள், உதட்டில் கை வைத்தபடி. கண்ணாடி வழியாக வாசலைப் பார்த்தாள். அவர் அங்கேயே, அவ்வளவு தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு சால்வையோடு நின்றார்.

திரும்ப ஒருமுறை திருப்பினாள். உச். உச். உச். சக்கரத்துக்கு இந்தப் பக்கம், தட்டுக்கு உள்ளேயிருந்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற அதே சத்தம்.

"என்ன அண்ணி?" என்றாள் பட்டறைக்காரி.

கம்பளிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது. அடக்க அடக்கத் தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. அதற்கப்புறம் அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பட்டறைக்காரி பயந்து வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். மந்தக் காதுதான், ஆனாலும் இரண்டாவது தடவை கூப்பிட்டதும் அவர் ஓடி வந்தார்.

"என்ன? நெஞ்சு வலிக்குதா?"

"உச்சுக் கொட்டுதுங்க."

"யாரு?"

"வண்டி."

அவருக்குப் புரியவில்லை. குனிந்து, தலையை உள்ளே நீட்டி, வலது காதைத் தட்டோடு ஒட்டி வைத்தார். அவள் திருப்பினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் திருப்பச் சொன்னார். நிமிர்ந்தபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"இது நான் பண்ற மாதிரியே இருக்கே" என்றார்.

தான் உச்சுக் கொட்டுவதை அந்த மனுஷர் வாழ்நாளில் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

"நீங்கன்னுதான் நினைச்சேன்" என்றாள் கம்பளி. "நான் திருகைத் தொட்டாலே உச்சுக் கொட்டுறீங்கன்னு நினைச்சேன். அதான் தொடறதில்ல."

"அதுக்குத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவியா?"

"ம்."

அவர் சால்வை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் வேற நினைச்சேன். அக்காவை நினைச்சு அழுதுக்கிட்டு வர்றேன்னு நினைச்சேன். அழுது முடிக்கட்டும், நடுவுல போய்ப் பேசக் கூடாதுன்னு வாயைத் திறக்காம வருவேன்."

பட்டறைக்காரி எதையோ தேடுகிற சாக்கில் எழுந்து உள்ளே போனாள். தேடியது கையிலேயே இருந்தது.

போய் வந்து வேலையைத் தொடங்கினாள். சத்தம் கேட்டதே பாதி வைத்தியம் என்றாள். திருகு சொல்வது மோட்டாருக்குக் கேட்கிறது, மோட்டார் சுற்றுகிறது, கதவுதான் அசையவில்லை, ஆகவே திருகைத் தொட வேண்டாம். இடப்பக்கத்துச் சாமான் பெட்டியைக் கழற்றி, கையைத் தோள் வரை உள்ளே விட்டு, கண்ணை மேலே பார்த்துக்கொண்டு விரலாலேயே தடவித் தடவித் திருகாணிகளை எடுத்தாள். அவர் விளக்கைப் பிடித்தார். பிடிக்கத் தெரியவில்லை, வெளிச்சம் முழுக்க அவள் காதிலேயே விழுந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மோட்டார் ஒன்று வெளியே வந்தது. அதன் வயிற்றைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம், ஒரு பக்கம் மொழுக்கென்று தேய்ந்து கிடந்தது.

"பல்லு போயிடுச்சு அண்ணி. பல்லு போனா உச்சுதான் கொட்டும்" என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, விளக்கு ஆடியது.

இதே வண்டி ஒன்று மோதி நொறுங்கிப் பட்டறையின் பின்கட்டில் கிடந்தது. முன்பக்கம்தான் அப்பளம், உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. அதிலிருந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினாள். கம்பளியையே திருப்பச் சொன்னாள். இந்தத் தடவை நாக்குச் சத்தம் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று மெல்ல நகர்கிற மாதிரி மட்டும் கேட்டது. பிறகு அவள் கணுக்காலில் இளஞ்சூடாகக் காற்று பட்டது. முழங்காலுக்கு ஏறியது. சூடு வருதா, வருதா என்று அவர் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். வருது என்று சொன்னால் காலை நீட்டிச் சுகமாக உட்கார முடியாதோ என்பதுபோல அவள் ரொம்ப நேரம் கழித்துத்தான் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள்ளேயே, சூடு போதுமா, ஜாஸ்தியா, கால் சுடுகிறதா என்று கேட்டுக் கேட்டு அவளைப் பாடாய்ப் படுத்தினார். பழைய மௌனமே தேவலை போல இருக்கிறதே என்றாள் அவள். இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் மலை ஏறும்போது இருவரும் பேசினார்கள். அச்சகத்தில் புதிதாக வந்த மேலாளர் சாப்பிட்டு முடித்ததும் தூங்குவது, விடுதியில் யாரோ விரிப்புக்குள் பல்செட்டை மறந்துவிட்டுப் போய் அது உருளை வரைக்கும் வந்துவிட்டது, இப்படி ஒன்றுக்கும் உதவாத பேச்சுதான். அவள் அவருடைய இடது காதுக்குக் கேட்கும்படி உரக்கவே பேசினாள். ஏன் கத்துகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

மலை உச்சியில், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே அவள் தூங்கிப்போனாள். உடம்பில் குளிர் இறுக்கிப் பிடித்திருந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. வண்டியில் அவள் தூங்கியது அதுதான் முதல் தடவை.

கண் விழித்தபோது வண்டி நின்றிருந்தது. இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் இல்லை. எதிரே இல்லத்தின் செங்கல் சுவரும், இலை உதிர்ந்த மரமும். எழுப்பாமல் எங்கே போய்விட்டார் மனுஷர் என்று அவள் திரும்பிப் பார்ப்பதற்குள், சாய்வுப் பாதையில் அவர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. நாற்காலி நிறையப் போர்வைகள். போர்வைகளுக்கு மேலே அக்காவின் சின்ன முகம். கூடவே நர்ஸ், கொஞ்ச நேரந்தான், கொஞ்ச நேரந்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

இருவருமாக அக்காவைத் தூக்கி ஓட்டுகிற இருக்கையில் உட்கார வைத்தார்கள். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். கதவு சாத்தியதும் வெளிச்சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. அக்கா சக்கரத்தைப் பார்த்தாள், அதன் மேல் இரண்டு கையையும் வைத்தாள், கவலையோடு எடுத்துவிட்டாள்.

"எங்க போறோம்?"

"எங்கயும் போகலக்கா. சும்மா உட்கார்ந்திருக்கோம்."

"நல்லதாப் போச்சு. எனக்கு ஓட்டத் தெரியாது."

கம்பளி அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா விடுவித்துக்கொண்டாள். கோபமில்லை, தெரியாத பெண்ணிடம் காட்டுகிற மரியாதை.

"நீங்க யாரு?"

"நான்தான்க்கா. உன் தங்கச்சி."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், இல்லை என்று தலையாட்டினாள். "அவ கை ஐஸா இருக்கும். ராத்திரி படுத்தா என் முதுகுல கொண்டுவந்து வச்சு உயிரை எடுப்பா. உங்க கை நல்லா சூடா இருக்கு." இதைச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் மனம் புண்பட்டிருக்குமோ என்று நினைத்தவளாக, "நல்ல கைதான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

கம்பளி தன் கையைப் புரட்டிப் பார்த்தாள். சிவந்து, வெதுவெதுப்பாக, வேறு யாருடைய கையோ போல இருந்தது அது.

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். ஊசி போலக் காற்று உள்ளே வந்தது. நெஞ்சும்மா, உன் நெஞ்சு, என்று பின்னாலிருந்து குரல் வந்து, பாதியில் நின்றது. அவள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கையை முழங்கை வரை வெளியே நீட்டினாள். விரலை விரித்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நர்ஸ் மரத்தடியில் நின்று, இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும். விரல்நுனி மரத்துப்போகிற வரை நீட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கையை இழுத்து, கண்ணாடியை ஏற்றி, போர்வையை விலக்கி, அக்காவின் பின்கழுத்து வழியாக முதுகில் கொண்டுபோய் வைத்தாள்.

அக்கா உடம்பு முழுக்கத் துள்ளி, தோளைக் குறுக்கி, கண்ணை இறுக்கி மூடினாள்.

"சனியனே" என்றாள். "வந்துட்டியாடி? ஏன் இவ்வளவு நேரம்?"

"வழியில தூங்கிட்டேன்க்கா" என்றாள் தங்கை.